‘ரீட்’ என்னும் வினையும் நம் ஓதலும்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் நம் பிள்ளைகள் முதலாண்டிலேயே அறிந்துகொள்ளும் வினைச்சொற்களுள் ‘ரீட்’ என்பதும் ஒன்று. ‘ரீட்’ என்றால் ‘படி’ என்று ஆசிரியர் சொல்வார்; பிள்ளைகள் ஏட்டில் எழுதிக்கொள்வர்; அத்துடன் அச்சொல்லின் கதை முடிந்துவிடும். பின்னர் பட்டப்படிப்பு முடியும்வரை அச்சொல்லை ஆயிரமாயிரம் முறை கண்டும் அதன் பொருள் யாது என மீண்டும் ஒருமுறை வினவுவார் இலர். தெரிந்த சொல்லைத் தெரியாத சொல்லாக எண்ணிப் பார்ப்பதே மொழியாராய்ச்சியின் முதற்படி. அவ்வகையில் இச்சிறு ஆங்கில வினையை நம் தமிழ் வினைகளோடு ஒப்புநோக்கி, அதன்வழி நம் கல்லூரிக்கும் சமுதாயத்திற்கும் சொல்ல வேண்டிய ஒரு கருத்தினை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை மலரில் ஆங்கில வினைக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். பிறர் வீட்டுக் கண்ணாடியில் நம் முகத்தைப் பார்த்துக்கொள்வதில் பிழையில்லை என்பதே நம் விடை.

அறிவுரையும் விடுகதையும்

‘ரீட்’ என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் ‘ரேடன்’ என வழங்கியது. அதன் முதற்பொருள் எழுத்தைப் பார்த்து ஒலித்தல் அன்று. அறிவுரை கூறுதல், கலந்து ஆராய்தல், புதிரை அவிழ்த்தல், கனவுக்குப் பொருள் காணுதல் என்பனவே அதன் தொன்மைப் பொருள்கள். இச்சொல்லின் உடன்பிறப்பாகிய ‘ராட்டன்’ என்னும் செருமானிய வினை இன்றும் ‘அறிவுரை கூறு’, ‘ஊகித்துச் சொல்’ என்னும் இரு பொருள்களிலேயே வழங்குகின்றது. அம்மொழியில் ‘ராட்’ என்றால் அறிவுரை. ஆலோசனை மன்றம் என்றும் பொருள்படும். நகராட்சி மன்றக் கட்டடத்தை அவர்கள் ‘ராட்ஹவுஸ்’ என்பர். ஆங்கிலத்தில் விடுகதையைக் குறிக்கும் ‘ரிடில்’ என்னும் சொல்லும் இதே வேரிற் பிறந்ததுதான்.

இங்கிலாந்தின் வரலாற்றில் இதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. 978ஆம் ஆண்டு முதல் 1016ஆம் ஆண்டு வரை, இடையில் சிறிது காலம் நீங்கலாக, ஆண்ட மன்னன் எதெல்ரெட். ‘எதெல்’ என்பது உயர்வு. ‘ரெட்’ என்பது அறிவுரை. ‘உயர்ந்த அறிவுரை உடையான்’ என்பது அப்பெயரின் பொருள். ஆனால் தேனியரின் படையெடுப்புகளுக்கு ஈடுகொடுக்க இயலாது அல்லலுற்ற அம்மன்னனுக்குப் பின்னாளில் ‘அன்ரெட்’ என்று ஓர் அடைமொழி வந்து சேர்ந்தது. ‘நல்லறிவுரை அற்றவன்’ என்பது அதன் பொருள். பெயரும் அடைமொழியும் ஒன்றையொன்று எள்ளி நகைக்கும்படி அமைந்த இச்சொல் விளையாட்டு, பிற்காலத்தில் வேர்ப்பொருள் மறந்துபோனமையால் ‘ஆயத்தமில்லாதவன்’ எனத் திரிந்து இன்றளவும் வழங்குகிறது.

இவ்வாறு அறிவுரையையும் புதிர் அவிழ்ப்பையும் குறித்த வினை, எழுத்து பரவியபோது எழுத்தைப் படிப்பதற்கும் ஆகிவந்தது. பொறித்து வைத்த கோடுகள் அக்கால மக்களுக்கு ஒரு புதிராகவே தோன்றியிருத்தல் வேண்டும். அப்புதிரை அவிழ்த்து உள்ளிருக்கும் செய்தியை வெளிக்கொணர்பவனே படிப்பாளி. எழுதுதலைக் குறிக்கும் ‘ரைட்’ என்னும் ஆங்கில வினையும் முதலில் கீறுதலையே குறித்தது. கீறுவது ஒருவன் தொழில். கீறலின் உட்பொருளை உய்த்துணர்வது மற்றொருவன் தொழில்.

இன்னுமோர் உண்மையும் ஈண்டு எண்ணத்தக்கது. ‘ரீட்’ என்பதன் நிகழ்கால வடிவத்திற்கும் இறந்தகால வடிவத்திற்கும் எழுத்தில் வேறுபாடு இல்லை, ஒலியில்தான் வேறுபாடு. நிகழ்காலமாயின் ‘ரீட்’; இறந்தகாலமாயின் ‘ரெட்’. எது என்பதை எழுத்து சொல்லாது. வாக்கியத்தின் கருத்தை உணர்ந்தவன்தான் சொல்ல முடியும். படித்தலைக் குறிக்கும் சொல்லையே பொருளுணராது படிக்க முடியாது! இதனினும் சிறந்த பாடம் வேறு வேண்டுமோ?

பொறுக்குதலும் கூட்டுதலும்

ஐரோப்பாவின் பிற மொழிகள் பல வேறு வழியில் சென்றன. இலத்தீன் மொழியில் படித்தலைக் குறிக்கும் ‘லெகெரெ’ என்னும் வினைக்குப் பொறுக்குதல், திரட்டுதல், தேர்ந்தெடுத்தல் என்பன முற்பொருள்கள். செருமானிய மொழியின் ‘லேசன்’ என்பதும் அத்தகையதே. கொடிமுந்திரிப் பழம் பறித்துச் சேர்ப்பதற்கும், அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்குவதற்கும், நூல் படிப்பதற்கும் அம்மொழியினர் ஒரே வினையை ஆள்கின்றனர். காவிரிப் படுகையில் பிறந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அறுத்த வயலில் கதிர் பொறுக்கும் பெண் குனிந்து, கண்ணூன்றி, பதரை விலக்கி மணியை மட்டும் மடியிற் சேர்ப்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். படித்தல் என்பதும் அதுவே போலும்!

நாம் ஏற்றிருக்கும் பணியின் பெயரும் இவ்வேரிற் பிறந்ததே. ‘லெக்சரர்’ என்பதை ‘விரிவுரையாளர்’ என மொழிபெயர்த்துப் பெருமிதம் கொள்கின்றோம். மூலப்பொருளோ ‘படித்துக் காட்டுபவர்’ என்பதே. அச்சுப்பொறி தோன்றாத காலத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நூற்படிகள் அரியன. ஆதலின் ஆசிரியர் நூலைப் படித்துக் காட்ட, மாணவர் கேட்டு எழுதிக்கொண்டனர். ‘ரீடர்’ என்றே ஒரு பதவி நம் நாட்டுக் கல்லூரிகளில் இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளுக்குப் பின் அது ‘இணைப் பேராசிரியர்’ எனப் பெயர் மாறியது. பெயர் மாறியதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் ‘படிப்பவர்’ என்றே அழைக்கப்பட்ட ஆசிரியர் இனம், அப்பெயரோடு அப்பழக்கத்தையும் இழந்துவிடலாகாதே என்பதுதான் நம் கவலை.

அரபு மொழியில் ‘கரஅ’ என்பது ஓதுதலையும் படித்தலையும் குறிக்கும் வினை. திருக்குர்ஆனில் முதன்முதலாக அருளப்பெற்ற வசனங்கள் ‘இக்ரஃ’ என்னும் ஏவலோடு தொடங்குவதையும், ‘குர்ஆன்’ என்னும் பெயரே அவ்வேரிலிருந்து வந்தது என்பதையும் நம் வாசகர் நன்கறிவர். பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. அவ்வினைக்கு ‘ஒன்றுசேர்த்தல், திரட்டுதல்’ என்னும் பொருளையும் அரபு அகராதியார் காட்டியுள்ளனர். உரோமாபுரியும் அரபு நாடும் தம்முள் கலந்து பேசிக்கொண்டு செய்த முடிபன்று இது. சிதறிக் கிடப்பவற்றை ஒன்றுகூட்டிப் பொருள் காண்பதே படிப்பு என்னும் உணர்வு மனித இனத்திற்குப் பொதுவாக வாய்த்துள்ளது என்றே கொள்ளத் தோன்றுகிறது.

ஓது, படி, வாசி

இனி நம் மொழிக்கு வருவோம். ஆங்கிலத்திற்கு ஒரு ‘ரீட்’. தமிழுக்கோ ஓது, படி, வாசி, பயில், கல் எனப் பல. ‘வாசி’ என்பது ‘பேசச் செய்தல்’ என்னும் கருத்துடைய வடசொல் வழிவந்தது. எழுத்தைப் பேச வைப்பது வாசிப்பு. ‘கல்’ என்பதைத் தோண்டுதலைக் குறிக்கும் ‘கல்லுதல்’ என்பதோடு இணைத்துக் காண்பர் அறிஞர் சிலர். கல்வியை மணற்கேணியோடு ஒப்பிட்ட வள்ளுவர் உள்ளத்திலும் இவ்வியைபு நின்றதோ என எண்ண இடமுண்டு. கோடையில் காவிரி மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுத்தவர்களுக்கு அவ்வுவமையின் அருமை தெரியும்.

‘படி’ என்பதை வடமொழிப் ‘பட்’ என்னும் வேரோடு இணைப்பாரும் உளர். தமிழின் ‘படிதல்’ என்னும் வினையோடு இணைப்பாரும் உளர். அவ்வழக்கினைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும் படிதல், படித்தல் என்னும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது நம் மண்ணின் காட்சி ஒன்று கண்முன் தோன்றுகிறது. கல்லணையில் திறந்துவிடப்பட்ட புதுநீர் குடமுருட்டியில் செந்நிறமாக நுரைத்து வரும். ஓடும்வரை அது வெறும் கலங்கல். வயலில் நின்று தெளிந்த பின்னர்தான் வண்டல் படியும். படிந்த வண்டலே பயிருக்கு உணவு. கண்வழி ஓடிய எழுத்து கருத்தில் நின்று படியாவிடில் அது படிப்பாகாது. கலங்கலாகவே கடலுக்குப் போய்விடும்.

‘ஓது’ என்பதோ இவற்றுள் தனிச்சிறப்புடையது. தொன்மையான திராவிடச் சொல். கன்னடத்தில் இன்றும் ‘படி’ என்பதற்கு ‘ஓது’ என்பதே பொதுவழக்கு. தொல்காப்பியர் அகத்திணையியலில் தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லும் காரணங்களாக ஓதல், பகை, தூது என்னும் மூன்றனைக் கூறி, ஓதலை முதற்கண் வைத்தார். வேதத்தைத் தமிழர் ‘ஓத்து’ என்றனர். சிவன் கோயில்களில் தேவாரம் பாடுவார் ‘ஓதுவார்’ எனப்பட்டனர். அச்சொல்லையே தமிழ் முஸ்லிம்களும் உவந்து ஏற்றனர். குர்ஆன் ஓதுதல், மவ்லிது ஓதுதல், பாத்திஹா ஓதுதல், நோயாளிக்கு ஓதிப்பார்த்தல் என நம் இல்லங்களில் அச்சொல் ஒலிக்காத நாளில்லை. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்பனபோல ஓதுதலும் நம் முன்னோர் சமயத்தைத் தமிழாக்கிக்கொண்டதற்குச் சான்றாகும். மலையாள நாட்டு மாப்பிள்ளை முஸ்லிம்கள் குர்ஆன் கற்பிக்கும் இடத்தை ‘ஓத்துப்பள்ளி’ என்றே வழங்கினர்.

நாம் பிறந்து வளர்ந்த ஊரின் பெயரிலும் ‘பள்ளி’ உண்டு. திருக்காட்டுப்பள்ளி அப்பராலும் சம்பந்தராலும் பாடப்பெற்ற தலம். பள்ளி என்பது தங்குமிடம், துறவியர் உறைவிடம், கல்விச்சாலை, தொழுகைக்கூடம் என எல்லாவற்றிற்கும் இடங்கொடுத்த சொல். மாலை வேளையில் ஒருபுறம் அக்னீசுவரர் கோயிலில் ஓதுவார் குரல்; மறுபுறம் பள்ளிவாசல் மதரசாவில் பிள்ளைகளின் குரல். இரண்டையும் ஊரார் ‘ஓதுகிறார்கள்’ என்ற ஒரே சொல்லாற்றான் சொன்னார்கள். சொல்லில் இருந்த அவ்வுறவு ஊரிலும் இருந்தது.

நன்னி படித்த கடிதம்

இவ்விடத்தில் நம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூற விழைகின்றோம். 1990களின் தொடக்கம். நமக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. நம் தாய்மாமன் தம்மாமில் வேலை பார்த்துவந்தார். மாதம் ஒருமுறை அவர் கடிதம் வரும். நம் நன்னிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழெழுத்துத் தெரியாது. ஆகவே கடிதம் படித்துக்காட்டும் பணி நம்முடையது. பள்ளியில் தமிழில் முதல் மதிப்பெண் பெறும் பெருமிதத்தோடு தடங்கலின்றி உரத்த குரலில் படிப்போம். படித்து முடித்ததும் நன்னி சொல்வார்: “படிச்சிட்டில்ல, இப்ப என்னன்னு சொல்லு.”

ஒருநாள் வந்த கடிதத்தையும் அவ்வாறே படித்தோம். நலம், நலமறிய ஆவல், வேலை முன்னிலும் இலேசாக இருக்கிறது, அனைவருக்கும் சலாம். இவ்வளவுதான். நாம் எழுந்து விளையாடப் போக முற்பட்டபோது, “இரு அத்தா, அதை இங்க குடு” என்று வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் பெட்டியிலிருந்த பழைய கடிதம் ஒன்றை எடுத்து அருகில் வைத்தார்.

“இது ஒன் மாமா எழுத்து இல்ல. அவன் எழுத்து நாத்து காத்துல சாஞ்ச மாதிரி ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். இது நிமுந்து நிக்கிது. தென்னம்புள்ளய பத்தி அவன் கேக்காத கடுதாசி இல்ல, இதுல கேக்கல. கடுமையா இருந்த வேல திடீர்னு எப்படி எளசாவும்? அவன் கையில என்னமோ ஆயிருக்கு.”

வீட்டுக் கூரையை மாற்றப் பணம் கேட்டு எழுதுவதாக இருந்த நம் நன்னாவைத் தடுத்துவிட்டார். “பணத்தப் பத்தி ஒரு வார்த்த வேணாம். கை எப்படி இருக்குன்னு மட்டும் எழுதச் சொல்லுங்க.” இரு வாரங்கழித்து விடுப்பில் வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் செய்தியைச் சொன்னார். வேலை செய்யுமிடத்தில் இரும்புத் தகடு விழுந்து மாமாவின் வலக்கையில் இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. அறைத்தோழர் ஒருவரைக் கொண்டு கடிதம் எழுதியிருக்கின்றார்.

அன்று அக்கடிதத்தைப் படித்தவர் யார்? எழுத்தறிந்த நாமா, எழுத்தறியாத நன்னியா? ஒவ்வோர் எழுத்தையும் பிழையின்றி ஒலித்தோம், ஒன்றும் படிக்கவில்லை. நன்னியோ ஓர் எழுத்தும் அறியாமலே புதிரை அவிழ்த்தார். சிதறிய குறிப்புகளைத் திரட்டினார். இறுதியில் அறிவுரையும் கூறினார். பழைய ஆங்கிலத்தின் ‘ரேடன்’ என்னும் வினைக்குரிய பொருள்கள் அத்தனையும் திருக்காட்டுப்பள்ளித் திண்ணை ஒன்றில் அன்று நிறைவேறின. பல்லாண்டு கழித்து ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக மொழிநூல்களைப் புரட்டியபோது அவ்வினையின் வேர்ப்பொருளைக் கண்டோம். கண்டவுடன் நினைவுக்கு வந்தது நன்னியின் முகமே.

ஏடு கற்பித்த பாடம்

நம் முன்னோர் படிப்பு எத்தகையது என்பதற்கு ஓலைச்சுவடியே சான்று. ஏட்டெழுத்தில் பொதுவாகப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு தெரியாது. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா, சொல் எங்கே முடிகிறது என்பவற்றையெல்லாம் பொருளறிந்தவனே தீர்மானிக்க முடியும். அக்காலத்தில் புரிந்துகொள்ளாமல் படிப்பது என்பதே இயலாத செயல்.

இப்படுகையில் 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடங்கேட்டவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் எனப் பல நூல்களைக் கற்றவர். 1880இல் கும்பகோணம் கல்லூரி ஆசிரியராக இருந்தபோது சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டு, தாம் கற்ற நூல்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். அவற்றால் என்ன பயன் என்னும் கருத்துப்பட முதலியார் வினவி, பழைய நூல்களைப் படித்ததுண்டா எனக் கேட்டார். அவ்வினா ஐயரின் வாழ்வை மாற்றியது. சீவகசிந்தாமணி ஏட்டைக் கையிலெடுத்தவர், விளங்காத இடங்களுக்குப் பொருள் தேடிக் கும்பகோணத்துச் சமணர்களின் இல்லங்களுக்குச் சென்று கேட்டறிந்தார். பிற சமயத்தார் நூலாயிற்றே என்றோ, தாம் ஆசிரியராயிற்றே என்றோ அவர் கருதினாரல்லர். 1887இல் அந்நூல் அச்சில் வெளிவந்தது. தமிழ் தன் இழந்த செல்வத்தை மீட்கத் தொடங்கியது ஒரு நல்ல வினாவாலும், பொருளுணரும்வரை ஓயாத ஒரு படிப்பாலுமே ஆகும்.

அதே மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவருள் ஒருவரே நாகூர் குலாம் காதிறு நாவலர் என்பதை நம் மாணவர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சைவப் பெரும்புலவரிடம் முஸ்லிம் மாணவர் பாடங்கேட்டதும், அந்தண மாணவர் சமணரிடம் ஐயந்தெளிந்ததும் இக்காவிரிக் கரையில் நிகழ்ந்தவை. படிப்பு உண்மையாக இருந்த காலத்தில் வேலிகள் தாழ்ந்திருந்தன.

இன்றைய நிலை

இன்று நம் நிலை யாது? மூலநூலைத் தொடாமலேயே குறிப்புரைகளை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் மாணவர் பலர். நேர்முகத் தேர்வில் “சீறாப்புராணம் படித்தீர்களா?” என்று கேட்டால், “நோட்ஸ் படித்தேன் ஐயா” என்கின்றனர். அவர்களை மட்டும் குறைகூறுதல் அறமாகாது. நாற்பது நிமிடமும் குறிப்புச் சொல்லி எழுதவைக்கும் நாமும் அச்சுப்பொறி தோன்றாக் காலத்து ஐரோப்பிய ஆசிரியராகவே இருக்கின்றோம். அவர்களுக்காவது நூல் கிடைக்கவில்லை. நம் நூலகத்திலோ நூல்கள் தூசி படிந்து கிடக்கின்றன. படிய வேண்டியது வேறு, படிந்திருப்பது வேறு!

வெளியுலகிலும் இதன் விளைவைக் காண்கின்றோம். கைப்பேசியில் வரும் செய்தியை ஒரு கணத்தில் பார்த்து மறுகணத்தில் பத்துப்பேருக்கு அனுப்புகின்றோம். யார் எழுதியது, எப்போது எழுதியது, ஏன் எழுதியது என நம் நன்னி ஒரு கடிதத்திடம் கேட்ட வினாக்களுள் ஒன்றையேனும் நாம் கேட்பதில்லை. வங்கிக் கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் பட்டதாரியும் அதைப் படிப்பதில்லை. எழுத்தறிவு பெருகியது மகிழ்ச்சிக்குரியது. எழுத்தறிவே படிப்பறிவு என மயங்குவது வருந்தத்தக்கது.

இனிச் சொல்லப்போவது பெரியோர் சிலர்க்கு உவப்பாக இராமற்போகலாம். எனினும் சொல்லாதிருத்தல் கடமையன்று. நம் பிள்ளைகள் ஏழெட்டு வயதில் குர்ஆனை ஓதி முடிக்கின்றனர். அந்நாளில் இனிப்பு வழங்கி மகிழ்கின்றோம், மகிழத்தக்கதே. ஆனால் அன்றாடம் தொழுகையில் ஓதும் சிறு அத்தியாயங்களின் பொருளைத் தமிழில் சொல்லுமாறு அப்பிள்ளைகளைக் கேட்டால் எத்தனைபேர் சொல்வர்? பிள்ளைகளை விடுவோம், நம்முள் எத்தனைபேர் சொல்வோம்? பொருளறியாது ஓதினும் நன்மையுண்டு என்பது நம் பெரியோர் கொள்கை. அதனை நாம் மறுக்கவில்லை. செவிவழியும் நாவழியும் ஓதி ஓதியே மறைகள் எழுத்துப் பிசகாமல் தலைமுறைதோறும் காக்கப்பட்டன என்பதையும் அறிவோம். ஓசையைக் காத்தல் பெரும்பணி. ஆனால் களஞ்சியத்தைக் காப்பவன் ஒருநாளேனும் அதிலிருந்து உண்ண வேண்டாவோ? சிந்தித்துணருமாறு அத்திருமறையே பல இடங்களில் வற்புறுத்துகின்றது என்பதை ஆலிம் பெருமக்கள் நம்மினும் நன்கறிவர்.

இக்குரல் புதியதும் அன்று. இத்தஞ்சைத் தரணியில் கீழ்மாந்தூரில் 1885இல் பிறந்த பா. தாவூத்ஷா, தம் ‘தாருல் இஸ்லாம்’ இதழின் வாயிலாக இதனையே வற்புறுத்தினார். வெள்ளிக்கிழமைப் பேருரை மக்களுக்கு விளங்கும் தமிழில் இருத்தல் வேண்டும் என்றார். அவர் கருத்துகள் எல்லாவற்றோடும் உடன்படாதாரும் அவருடைய தமிழ்ப்பற்றை மறுத்தாரல்லர். ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி திருக்குர்ஆன் முழுவதையும் தமிழாக்கித் தந்தார். அவர்கள் வாய்க்கால் வெட்டி வைத்தார்கள். மடையைத் திறக்க வேண்டியவர்கள் நாம்.

செய்யத்தக்கன

குறைகூறி அமைதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆதலின் எளிதிற் செய்யத்தக்க மூன்றினை முன்வைக்கின்றோம்.

முதலாவது, கல்லூரி வகுப்பில் ஆசிரியர் விளக்கம் தருமுன் மாணவர் ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படித்துத் தமக்குத் தோன்றிய பொருளைத் தம் சொற்களில் கூறுதல் வேண்டும். தவறாகக் கூறினும் தாழ்வில்லை. தவறான பொருள் கண்டவன் திருந்துவான். பொருளே காணாதவன் திருந்த இடமில்லை. அகமதிப்பீட்டுத் தேர்வில் முன்பின் பாராத பகுதி ஒன்றைத் தந்து பொருள் கேட்கும் வினா ஒன்றேனும் இடம்பெறுதல் நலம்.

இரண்டாவது, மதரசாக்களில் ஒரு சிறு அத்தியாயம் ஓதி முடித்தவுடன் அதன் பொருளை நான்கு எளிய தமிழ்த் தொடர்களில் பிள்ளைக்குச் சொல்லித்தந்து, திரும்பச் சொல்லச் செய்தல் வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய நிதியோ தேவையில்லை. நாள்தோறும் கால்மணி நேரம் போதும். விடுமுறை நாள்களில் இப்பணிக்குத் துணைநிற்க நம் துறை மாணவர் சிலர் முன்வருவர் என்னும் நம்பிக்கை நமக்குண்டு.

மூன்றாவது, இல்லங்களில் பெற்றோர் பிள்ளைகளிடம் “படித்தாயா?” என்று வினவுவதோடு நில்லாது, “என்ன சொல்கிறது, சொல்” என்று வினவுதல் வேண்டும். நம் நன்னியின் அவ்வொரு வினாவில் கல்விக்கொள்கை முழுதும் அடங்கியுள்ளது எனலாம்.

நிறைவாக

ஓதி, உணர்ந்து, பிறர்க்கும் எடுத்துரைத்துத் தான்மட்டும் அதன்வழி நில்லாதவனைப் பேதையருள் தலையாய பேதை என வள்ளுவர் இடித்துரைத்தார். அவர் காட்டிய வரிசையில் ஓதுதல் முதற்படி. உணர்தல் அடுத்த படி. உரைத்தல் அதற்கு மேற்படி. ஒழுகுதல் முடிந்த படி. நாமோ முதற்படியிலேயே அமர்ந்துகொண்டு மாடியேறிவிட்டதாக மகிழ்கின்றோம். இக்கட்டுரையை எழுதும் நாமும் அவ்வள்ளுவர் இடித்துரைக்கு உட்பட்டவரே என்பதை மறந்தோமல்லோம்.

நன்னி மறைந்து ஆண்டுகள் பல ஆயின. மாமா இருவிரல் குறைந்த கையோடு ஊர் திரும்பி, தாம் நட்ட தென்னையின் நிழலில் முதுமையைக் கழிக்கின்றார். அக்கடிதம் இன்னும் நம்மிடம் உள்ளது. புதிய மாணவர்க்கு முதல் வகுப்பு எடுக்கும் நாளில் அதனை எடுத்துச்சென்று ஒருவரைப் படிக்கச் சொல்வது நம் வழக்கம். நன்றாகவே படிப்பர். படித்து முடித்ததும் நாம் கேட்பது ஒன்றே: “படித்துவிட்டீர்கள், இப்போது என்னவென்று சொல்லுங்கள்.”